சத்தமில்லாத கேபினட்

டெரிக்குக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் கேபினட்டைச் சோதிக்கும்போது பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, கண்டதையெல்லாம் அதன் வாய்கிட்டக் குனிந்து சொல்லிவைப்பான். "முதல் கேபினட். மூடியாச்சு. இரைச்சல் ஜாஸ்தி." இந்த மாதிரி. எழுதிவைக்க மனுஷனுக்குச் சோம்பல், வேறென்ன. கச்சேரி ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அவன் கடையில் கம்ப்யூட்டர் பாகங்களைவிட இந்தக் கேசட்டுகள்தான் அதிகம். சர்ச் பாட்டுக் கேசட்டின் மேலேயே பேசிவைத்து, பெண்டாட்டி ஆலிஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்த வருஷம் மார்கழியில் சித்திரக்குளத்துப் பக்கமிருந்து வெங்கடரமணன் வந்தார். நந்தனம் காலேஜில் எகனாமிக்ஸ் வாத்தியார். "எங்காத்துல அவ பாடுவா, டெரிக். கச்சேரியெல்லாம் இல்லை, ஆத்துலதான்" என்று ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டார். அப்புறம்தான் விஷயம் வந்தது. அவர் மனைவி கோமளம் மாமிக்குக் கழுத்தில் கட்டி. மாசியில் ஆபரேஷன். குரல் திரும்புமா என்றால் டாக்டர் கையை விரிக்கிறார். அதற்குள் மாமி பாடுவதையெல்லாம் பதிந்துவைத்துவிட வேண்டும். கேசட் என்றால் பூஞ்சை பிடிக்கும், கம்ப்யூட்டரில் போட்டால் சாகாது என்று கூட வேலை செய்கிற யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆனா மெஷின் இரையப்படாது. மைக்ல அவ குரல் மட்டும்தான் விழணும்" என்றார்.

டெரிக் ரிச்சி தெருவில் அலைந்து மூன்று கேபினட்டுகளைக் கடைக்குக் கொண்டுவந்தான். முதலாவது சுத்த பிஸ்கட் டின் தகரம். ஃபேன் சுற்றினால் பெட்டியே குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. ஸ்க்ரூடிரைவர் நுனியைத் தகட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து மூலைக்கு மூலை கேட்டுப் பார்த்தான். தேறாது. இரண்டாவதில் சத்தமே இல்லை, ஆனால் காற்று போக வர வழியும் இல்லை. ஆலிஸுக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து மூடினான். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு எடுத்தால் பாதரசம் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. அது உதறினால்தான் இறங்கும் என்பதால் இந்த வேலைக்குத் தோதான சாமான். மூன்றாவதுதான் கேபினட் என்று சொல்லத்தக்கது. கனத்த தகடு. முன்பக்கம் ஒரு ஃபேன், நேராக ஹார்ட் டிஸ்க்கின் மேலேயே ஊதும். எவ்வளவு ஓட்டினாலும் சில்லென்று இருந்தது. ஒரே குறை, அந்த முன் ஃபேன் 'ம்ம்ம்' என்று விடாமல் முனகியது.

அதைத்தான் சித்திரக்குளத்து வீட்டுக்கு எடுத்துப் போனான். "உட்காருப்பா, உட்காரு" என்று வெங்கடரமணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த வீட்டில் உள்ளே நுழைந்தவனை யாரும் நிற்க விடமாட்டார்கள்.

"சும்மா கேட்டா தெரியாது மாமி. நீங்க பாடினாத்தான் முனகல் எவ்வளவு விழுதுன்னு தெரியும்" என்றான் டெரிக், கூடக் கொண்டுவந்திருந்த டேப் ரெக்கார்டரை ஓடவிட்டபடி. கோமளம் மாமி பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பைரவியில் ஆலாபனை ஆரம்பித்தார். வெங்கடரமணன் காபி போட உள்ளே போனார். டெரிக்குக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது, சர்ச் பாட்டோடு சரி. ஆனால் அந்தக் குரல் தரையிலிருந்து எழும்பி மெதுவாக மேலே போகப் போக, அவனுக்கே கழுத்தில் மயிர் கூச்செறிந்தது. அதன் அடியில் சனியன் மாதிரி இந்த 'ம்ம்ம்'. ஏற்கெனவே இரண்டு கேபினட் போயாச்சு. இதுவும் போனால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டு முன் ஃபேனின் ஒயரைப் புடுங்கினான். முனகல் நின்றது. மாமி கண்ணைத் திறக்கவே இல்லை, குரல் அப்போதுதான் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், அவன் டேப் ரெக்கார்டரின் வாய்கிட்டக் குனிந்து குசுகுசுவென்று சொன்னான்: "முன் ஃபேனைப் புடுங்கிட்டேன். சத்தம் போச்சு. சூடு தாங்குதான்னு அப்புறம் பாக்கணும்."

மூடியைப் போட்டு முடுக்கினான். காபியோடு வந்த வெங்கடரமணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "அட, சத்தத்தையே காணோமே. என்னப்பா பண்ணே?"

"நல்ல கேபினட் சார்" என்றான் டெரிக். இதில் பொய் எங்கே இருக்கிறது? நல்ல கேபினட்தானே?

அடுத்த வாரமே நிதானமாகச் சுற்றுகிற வேறு ஃபேன் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். அப்புறம் கிறிஸ்துமஸ் வந்தது, புது வருஷம் வந்தது, ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மொத்தமாகக் கம்ப்யூட்டர் ஆர்டர் வந்தது. அந்த 'அப்புறம்' மட்டும் வரவில்லை. மார்கழிக் குளிரில் பெட்டி சூடாகவில்லை என்றால் மெட்ராஸில் அது ஒரு சோதனையா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டெரிக்குக்கும் தெரியும்.

தை முழுக்க மாமி பாடினார், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியது. ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. பேச்சு கரகரவென்று வந்தது, மேலே தூக்கினால் வெறும் காற்று. சீடியில் எழுதிக் கொடுக்கிற ஸ்டூடியோவை வெங்கடரமணன் விசாரித்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாள் திருத்தி முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்.

அக்னி நட்சத்திரத்தில் வெங்கடரமணன் கடைக்குப் போன் பண்ணினார், கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம். டெரிக் போய்ப் பெட்டியைத் திறந்தான். ஹார்ட் டிஸ்க்கைத் தொட முடியவில்லை, தோசைக்கல். மறுபடி ஓட்டினால் உள்ளே டக், டக் என்று அடித்துக்கொண்டதே தவிர ஒன்றும் எழும்பவில்லை. மாமி பாடிவைத்த அத்தனையும் அதோடு போச்சு. அதற்குப் பக்கத்தில் அவன் புடுங்கிய ஒயர், புடுங்கினது புடுங்கினபடி தொங்கிக்கொண்டிருந்தது. வெங்கடரமணன் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, அந்த ஒயரைச் சட்டென்று அதன் இடத்தில் சொருகிவிட்டான். கை தானாகச் செய்தது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். கை எங்கேயாவது தானாகச் செய்யுமா?

கோமளம் மாமி வாசற்படியில் நின்றார். கையில் நீல வெல்வெட் உறை. கம்ப்யூட்டருக்கென்று அளவெடுத்துத் தைத்து, மூலையில் ஒரு கிளி எம்பிராய்டரி போட்டிருந்தார்.

"மத்தியானம் அவர் தூங்கிண்டிருந்தார். நான்தான் மெள்ளப் போட்டுக் கேட்டுண்டிருந்தேன்" என்றார் அந்தக் கரகரத்த குரலில். "தூசி படுமேன்னு உறையை முழுக்க எடுக்கலை, முன்னாடி மட்டும் தூக்கி விட்டிருந்தேன். அதனாலயாப்பா?"

வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"துணி போட்டா காத்து போகாது மாமி" என்றான் டெரிக்.

வெங்கடரமணன் தண்ணீர்ச் செம்போடு அங்கேயே நின்றுவிட்டார். பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அதைவிட மோசமான ஏதோ ஒன்று இருந்தது. மாமி தலையைக் குனிந்துகொண்டார். டெரிக் ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினான். தெருமுனை திரும்பும்வரை முதுகில் யாரோ கை வைத்திருப்பது போல இருந்தது.

புது டிஸ்க் மாட்டப் போனபோது அந்த வெல்வெட் உறை வாசலில் கிடந்தது, மிதியடியாக. "காலை நன்னா தொடச்சுண்டு வா டெரிக், அதுக்காவது உபயோகப்படட்டும்" என்றார் வெங்கடரமணன், உள்ளே கேட்கும்படியாக. டெரிக் அதைத் தாண்டிக் காலை வைத்தான். "இப்பல்லாம் வாயே திறக்கறதில்லை அவ. திறந்துதான் என்ன ஆகப்போறது" என்றார் அவர். சமையல்கட்டில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. கிளியின் மேல் செருப்பு மண் அப்பியிருந்ததை டெரிக் வரும்போதும் பார்த்தான், போகும்போதும் பார்த்தான்.

சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாந்தோம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணினான். கோபப்பட்டேன் சாமி, பூசைக்கு லேட்டா வந்தேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று மளிகைச் சாமானோடு சாமானாக அதையும் கட்டிவிட்டான். சாமியாரும் பாவமன்னிப்புக் கொடுத்து, மூன்று தரம் அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னான். நெஞ்சில் இருந்த கல் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் ஆலிஸ் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் பாட்டைப் பதிய வெறும் கேசட் தேடினாள். கடையிலிருந்து வந்த பையில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பார்த்தாள். அறை முழுக்க ஒரு பெண் குரல் எழும்பியது. ஆலிஸ் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யாருங்க இது? இப்படிப் பாடறாங்க?"

டெரிக்குக்கு முகம் வெளுத்துப் போனது. முனகல் நின்றது. குரல் மேலே ஏறியது. அந்த உச்சியில், அச்சு அசலாக, அவன் குசுகுசுப்பு வந்தது.

ஆலிஸ் டேப்பை நிறுத்தினாள். டீச்சர் வேலை பார்க்கிறவள், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவன் எல்லாவற்றையும் கொட்டினான். ஒயர், மறுபடி சொருகினது, உறை, மிதியடி, ஒன்று விடவில்லை.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்" என்றான் கடைசியில்.

"என்னன்னு?"

"பொய் சொன்னேன்னு."

"அந்தம்மாவைப் பத்திச் சொன்னீங்களா?"

ஆலிஸ் பதிலுக்கு நிற்கவில்லை, பிள்ளைகளுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டாள். அவள் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

தனியே உட்கார்ந்து கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். உலகத்தில் மாமியின் குரல் மிச்சமிருப்பது இதில் மட்டும்தான். கொடுத்தே ஆகவேண்டும், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. தன் பேச்சை மட்டும் அழித்துவிட்டுக் கொடுத்தால்? ரெக்கார்ட் பட்டன் மேல் விரலை வைத்தான். அழித்தால் அந்த உச்சியும் சேர்ந்துதான் போகும். டாக்டர் கத்தி எடுத்துக்கொண்டு போன அதே இடம். இன்னொரு தரம் அதை எடுக்க இவன் யார்? விரலை எடுத்துக்கொண்டான். தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அன்றைக்கே டேப் ரெக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சித்திரக்குளத்துக்குப் போனான். வாசலில் கிடந்ததைத் தாண்டினான். வெங்கடரமணன் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரு நிமிஷம் சார். மாமியைக் கூப்பிடுங்க."

மாமி வந்து சுவரோரம் நின்றார். டெரிக் கேசட்டை ஓடவிட்டான். முதல் மூச்சிலேயே வெங்கடரமணனின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. மாமி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முனகலின் மேலே பைரவி விரிந்துகொண்டே போனது. பிறகு முனகல் நின்றது. குசுகுசுப்பு வந்தது.

வெங்கடரமணனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "யார் பேசறது இதுல? என்ன சொல்றான்?"

டெரிக் டேப்பை நிறுத்தினான். "நான்தான் சார். உறையால இல்ல. முன் ஃபேன் ஓடவே இல்ல. சத்தம் கேக்கக் கூடாதுன்னு அன்னிக்கே ஒயரைப் புடுங்கிட்டேன், அப்புறம் பாக்கலாம்னு விட்டுட்டேன். டிஸ்க் போனப்போ நீங்க தண்ணி எடுக்கப் போனீங்களே, அப்போ திரும்ப மாட்டிட்டேன்." மாமியின் பக்கம் திரும்பினான். "நீங்க கேட்டீங்க. நான் ஆமாங்கற மாதிரி சொல்லிட்டேன் மாமி."

அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான். வெங்கடரமணன் அவனைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார். நேரே வாசலுக்குப் போனார். குனிந்து அந்த உறையை எடுத்தார். மண்ணை உதறினார். உதறியும் போகாததை நகத்தால் சுரண்டினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"திரும்பப் போடு" என்றார் மாமி.

"மாமி, என் பேச்சு நடுவுல வந்து கெடுக்குது. ஸ்டூடியோல குடுத்து அதை மட்டும் எடுக்க முடியுமான்னு கேக்கறேன்."

"வேண்டாம். அழிச்சுடாதே." கரகரத்த குரல் நிதானமாக வந்தது. "உன் பேச்சுக்கு அடியில நான் பாடிண்டிருக்கேன்."

டெரிக் கேசட்டைத் திருப்பிப் போட்டான். அவன் பேசுகிற இடம் மறுபடி வந்தது, போனது. மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். டெரிக் நின்றபடியே கேட்டான். உட்காரு என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.