கையுறை விரிந்த படங்கள்

ஹோல்பெர்க் ஊர் மைதானத்தில் விளக்கு இருக்கிறது என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். கம்பங்கள் நிற்கின்றன; பல்புகளில் பாதி, புயலடித்த வருஷத்திலிருந்து கண் திறக்கவில்லை. கேட்டால், பீர்க் கடைக் கூரையை முதலில் சரிபண்ணிவிடுகிறோம் என்பார்கள் கமிட்டிக்காரர்கள். அந்த வெளிச்சத்தில்தான் மார்லிஸ் தன் நீளமான லென்ஸை ஒற்றைக்கால் தாங்கியில் நிறுத்தி, ஊர் அணியின் பேஸ்பால் ஆட்டங்களைப் பல வருஷமாகப் படம் எடுத்துவந்தாள்.

பொழுது சாய்ந்தபின் ஓடுகிறவனை எடுத்தால் ஆவிதான் விழும். ஷட்டரை வேகமாக வைத்தால் படம் கரி, மெதுவாக வைத்தால் கைகால் எல்லாம் கலங்கல். ஆகவே அவள் அசையாத நொடிக்காகக் காத்திருப்பாள். பந்து வீசுபவன் வீசுவதற்கு முன் பந்தைக் கையுறைக்குள் மறைத்து, இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அந்த நொடி. ஹோல்பெர்க்கில் வீசுபவன் அவளுடைய அண்ணன் லயல். "உங்கண்ணன் பந்தே போடமாட்டானா? எப்பப் பாத்தாலும் சாமி கும்பிட்டுக்கிட்டே நிக்கிறான்" என்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கிண்டல் செய்வார்.

இப்படி ஒரே மாதிரிப் படமாகச் சேர்ந்ததால்தான் ஜூலையில் அது அவள் கண்ணில் பட்டது. வேகப் பந்துக்கு லயலின் கையுறை மூடியே இருந்தது. மெதுவான பந்துக்கு மட்டும், பந்தை உள்ளங்கையில் ஆழமாகப் புதைக்கும்போது, கொஞ்சம் விரிந்தது. தெரியாதவன் கண்டுகொள்ளமாட்டான். தெரிந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். தலை நரைத்த லயலுக்கு வேகம் போய் நாளாயிற்று. அடிப்பவனை அந்த மெதுவான பந்தில் ஏமாற்றித்தான் அவன் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அதைக் கணவன் கோரியிடம் காட்டினாள். அவனும் அதே அணியில் பந்து வீசுகிறவன், லயலுக்கு அடுத்தபடி.

"இதப் பாரேன். அண்ணன் மெதுவா போடப்போறப்பல்லாம் கிளவுஸ் வாயப் பொளக்குது. நாளைக்கே சொல்லிடறேன்."

கோரி ரொம்ப நேரம் பார்த்தான். "நீ சொல்லாத. அவரப் பத்தித் தெரியாதா? தங்கச்சி வந்து பந்து போடக் கத்துக்குடுக்கறாளான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. பந்து போடறவன் சொன்னா கேப்பாரு. நான் பாத்துக்கறேன், விடு."

லயல் கோபக்காரன் என்பது பொய்யில்லை. அவள் விட்டுவிட்டாள். அண்ணனுக்குக் காட்டவேண்டும் என்று கோரி கேட்டபோது படங்களையும் கொடுத்தாள். சில நாள் கழித்து விசாரித்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு. மாத்திப் பழகிட்டிருக்காரு. நீ போய்க் கிளறாத."

ஆகஸ்ட் கடைசியில் ரோஸ்டன் ஊருடன் ஆட்டம். ஜெயிக்கிற ஊர் மாநிலப் போட்டிக்குப் போகும். லயல் ஒருமுறைகூடப் போனதில்லை. இந்தக் கோடை முழுக்கத் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு தூங்கினான். இதை விட்டால் அடுத்த வருஷம் அந்தத் தோள் ஒத்துழைக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பொழுது இருக்கும்வரை லயல் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தான். விளக்கு போட்டபின், கடைசிக்கு முந்தின சுற்றில் ரோஸ்டன்காரர்கள் திடீரென்று மாறினார்கள். மெதுவான பந்துக்கு ஏமாந்து அவசரப்பட்டு மட்டையை வீசிக்கொண்டிருந்தவர்கள், வீட்டு வாசலில் தபால்காரனை எதிர்பார்ப்பதுபோல் காத்திருந்து அடித்தார்கள். மார்லிஸ் லென்ஸை அண்ணன் மேல் வைத்தாள். கையுறை விரிந்தது. மாறவே இல்லை. மூன்றாம் தளத்தருகே நின்ற ரோஸ்டன் பயிற்சியாளர் பக்கம் திருப்பினாள். அந்த ஆளின் கண் லயலின் கையுறையிலேயே இருந்தது. அது விரிந்ததும், அடிப்பவனுக்குச் சைகையாகக் கையை இரண்டு தட்டுத் தட்டினான். அவளுக்கு விஷயம் புரிவதற்குள் பந்து வேலியைத் தாண்டிச் சோளக்காட்டில் விழுந்துவிட்டது. ஹோல்பெர்க் தோற்றது.

அவர்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மின்னசோட்டா மாநிலத்து ஊர் ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாநிலப் போட்டிக்குப் போகிற அணி, தோற்ற ஊர்களில் பந்து வீசுபவர்கள் மூன்று பேரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். ரோஸ்டன் அணித் தலைவர் டெல்மர் தங்கள் அணித் தொப்பியோடு வந்தபோது, லயலைத்தான் கூப்பிடப்போகிறார் என்று ஊரே நினைத்தது. அவர் தொப்பியைக் கோரியின் தலையில் வைத்தார்.

லயல் ஒரு கணம் தரையைப் பார்த்தான். பிறகு கோரியின் தோளில் கை போட்டான். "நம்ம வீட்லேருந்து ஒருத்தனாச்சும் போறானே. போய் நல்லாப் போடு மாப்ளே."

"மார்லி, எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடு" என்றான் கோரி.

அந்த லென்ஸுக்குள் இரண்டு ஆள் அடங்க வேண்டுமென்றால் வெகுதூரம் பின்னால் போகவேண்டும். போனாள். டெல்மர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த இருட்டுல எப்படித்தாம்மா எடுத்தே? கோரி வாயால சொன்னப்ப நான் நம்பல. படத்தக் குடுத்தான் பாரு, அப்புறம்தான் நம்பினேன். மாநிலப் போட்டிக்கும் நீயே வந்து எடும்மா."

அவருக்கு அவள்மேல் உண்மையாகவே நன்றி இருந்தது. அவளும் இதில் கூட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் கோரியைப் பார்த்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டவன். பக்கத்தில் படுத்துக்கொண்டே அண்ணனை விற்றிருக்கிறான், அதுவும் அவள் கையாலேயே. லென்ஸுக்குள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். படத்தை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் கேமராவை இறக்கிக்கொண்டு நடந்தாள்.

"அண்ணா, உன் கிளவுஸ் விரியறதக் கோரி உன்கிட்டச் சொன்னானா?"

"எது விரியுது?"

"மெதுவா போடறப்ப. நான் படத்துல பாத்தேன். சொல்லச் சொல்லி இவன்கிட்டக் குடுத்தேன். இவன் அவங்களுக்குக் குடுத்திருக்கான்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் மார்லி" என்றான் கோரி. இல்லை என்று அவன் சொல்லவில்லை.

லயல் அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்பப் பாத்தே?"

"ஜூலைல. நீ கோச்சுக்குவேன்னு..."

"நேத்து எங்க வீட்டுலதான சாப்பிட்டே? எனக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்தே?"

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

"அவன் வந்தவன், மார்லி. நீ எங்கூடப் பொறந்தவ" என்றான் லயல். கையுறையைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தான்.