ஒரு வீசம் குறைவு

அண்ணன் வெர்னன் மேடை ஏறி, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, மைக்கை டொக் டொக்கென்று தட்டினார். ஒலிபெருக்கி என் பொறுப்பு. தட்டாதீர்கள் என்று எத்தனை முறை கத்தினாலும் எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். எங்கள் அமெரிக்கப் பழங்குடிச் சமூகக் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கும் கவிதைப் போட்டி அது. மான்கறி சூப்பும் பொரித்த ரொட்டியும் இலவசம் என்பதால் கவிதைக்கு இங்கே நல்ல மரியாதை.

அதுவரை வாசித்த அத்தனை கவிதைகளிலும் ரத்தம். ஆற்றில் ரத்தம், பனியில் ரத்தம், நரம்புக்குள் குதிரையாக ஓடும் முன்னோர் ரத்தம். சிரிக்கக்கூடாதுதான். எங்கள் பாட்டன்மாரை அந்தப் பனியில்தான் சுட்டார்கள். மிஞ்சியவர்களின் ரத்தத்தை அரசாங்கம் அரை, கால் என்று பின்னமாக்கி எழுதி வைத்தது. எல்லாம் உண்மை. ஆனாலும் இன்றைக்கு சூப்பில் தக்காளி போடாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் வாசிக்கப்போவது அவர் எழுதியதே அல்ல, அவர் மகள் டானெல் எழுதியது. மேடையேற எங்கள் இனப் பதிவேட்டில் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராக எங்கள் ரத்தம் கால் பங்காவது வேண்டும். அண்ணனுக்கே எட்டில் மூன்று பங்குதான், டானெலின் அம்மாவோ வெள்ளைக்காரி. கூட்டிக் கழித்தால் பதினாறில் மூன்று பங்குதான் தேறுகிறது. பதினாறில் ஒரு பங்கு, ஒரே ஒரு வீசம் குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எங்கள் மொழியில் என்னைவிட நன்றாகத் திட்டுவாள். வென்ற கவிதையைக் கூடத்துச் சுவரில் எழுதுவார்கள். யார் பெயரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், என் வரி அந்தச் சுவரில் இருந்தால் போதும் என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

"ஒரு தடவ வாசிச்சுப் பாத்தியா அண்ணே?" என்று மேடைக்குப் பக்கத்தில் கேட்டேன்.

"எதுக்குடா? மொத வரியிலயே ரத்தம் இருக்கு. அது போதும்."

குரலை உருட்டித் தொடங்கினார். "ரத்தத்தைப் பற்றி என் அப்பா நாளெல்லாம் பேசுவார்." நிறுத்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "நாங்கள் மானை அறுக்கும்போது மட்டும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கள் அப்பா பாடிக்கொண்டே மான் உரித்தவர். வண்டிக்குள் ஒளிகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும். அண்ணன் காது சிவந்தது. பாதியில் நிறுத்தவும் தெரியவில்லை. "என் மூக்கில் ரத்தம் வந்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே அவரைத்தான் கட்டிலில் போட்டார்கள்."

"டேய் வெர்னா, இது நீ எழுதினதா, உன்னப் பத்தி எழுதினதா?" என்றார் போட்டிக்குழுத் தலைவி ஆல்வினா அக்கா. கூடம் அதிர்ந்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அடுத்த வரிக்குப் போனார்.

"தன்னிடம் இருந்ததில் பாதியை எனக்குத் தந்தார். போதாது என்றார்கள். அன்றிலிருந்து, வழியில் எங்கோ தானே சிந்திவிட்டதுபோல..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"டானி, மிச்சத்த நீயே சொல்லும்மா," என்றார் மகளைப் பார்த்து.

"அவ மேடையேறக் கூடாது வெர்னா," ஆல்வினா அக்காவின் குரலில் சிரிப்பு போய்விட்டது. "போன வருசம் என் பேத்தியவே நான் ஏத்தல."

"அவ ஏற வேணாங்க்கா. நான் எறங்குறேன்."

மைக்கோடு இறங்கி நடந்தார். என்னிடம் இருந்த மைக் கம்பியை எல்லாம் விட்டுக்கொடுத்தேன். சூப் மேசைக்கு முன்னால் டானெல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு முழம் முன்னால் கம்பி விறைத்து நின்றுவிட்டது. கையை எட்டி நீட்டினார். அவள் அசையவில்லை. எழுந்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயந்தாளோ என்னவோ.

ஆல்வினா அக்கா கூரையைப் பார்த்தார். "நாற்காலிய நகத்தக் கூடாதுன்னு நாம எங்கயும் சொல்லலயே," என்றார்.

பின்வரிசையில் இருந்து இரண்டு பேர் எழுந்து வந்து, அவளை உட்கார்ந்தபடியே நாற்காலியோடு முன்னால் தள்ளினார்கள். நாற்காலிக்கால் தரையைக் கீறிய சத்தம் மைக்கில் ஏறிக் கூடம் முழுக்கக் கிறீச்சிட்டது. குறைக்க வேண்டியவன் நான்தான். குறைக்கவில்லை. அண்ணன் நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.