கடல் வராத ஞாயிறு

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. அனுமந்தைக் கரையில் அலைகள் வழக்கமான உயரத்தில் இருந்தன.

அன்று பகல் கடல் ஊருக்குள் வரும் என்று, எந்த நாட்டுக்காரி என்றே தெரியாத ஒரு கிழவி சாவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தாளாம். வீடியோவில் வந்தது. வசந்தாவின் புருஷன் மோகன்தான் அதை ஊர் முழுக்க அனுப்பியவன்.

"போன வருசமும் இதே கிழவிதான சொன்னா? வந்துச்சா?" என்றாள் வசந்தா.

"அப்ப ஊரே பொங்கல் வெச்சுக் கும்பிட்டோம். தள்ளிப்போச்சு."

"வந்தா அவ சொன்னது, வரலன்னா நீ கும்பிட்டது. எப்படியும் தோக்க மாட்டே, இன்னாய்யா?"

மோகன் சிரிக்கவில்லை. சுனாமி அன்று அவன் அப்பா கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார், போய்விட்டார். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கோ படகு லேசாகத் தூக்கிப் போட்டதோடு சரி. அன்றிலிருந்து அவன் மனதில் ஊறிய கணக்கு ஒன்றுதான்: கடல் பொங்கினால் பெண்டு பிள்ளைகள் மேட்டுக்கு, படகு ஆழத்துக்கு.

"நீ உப்பளம் தாண்டிப் போய்டு. நான் போட்டைத் தூரத்துல கொண்டு போய் நிறுத்தறேன். பொழுது போனதும் வந்துடுவேன்."

"தனியாவா? மத்தவன்லாம் மேட்டுல ஏத்திக் கட்டிட்டு வர்றான். நீயும் கட்டேன்."

"எங்கப்பா போட்டும் கரையிலதான் கெடந்துது. ரெண்டா பொளந்து."

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எஞ்சினை இழுத்தான்.

ஊர்ச்சனம் மூட்டைகளோடு உப்பள வரப்பில் நடந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த கன்னியப்பன் நிமிர்ந்தான்.

"ஏம்பா, கடல் தானா வருதாமே? அப்ப மோட்டார் போட்டுப் பாத்திக்குக் கடல் தண்ணி எடுக்கற வேலை எனக்கு மிச்சம்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். வசந்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பகல் போயிற்று. கடல் வரவில்லை. சாயங்காலம் மேற்கே கறுத்துக் காற்று கிளம்பியது. கன்னியப்பன் உப்புக் குவியலின்மேல் கீற்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். காற்று அதைப் பிடுங்கிக் கடல் பக்கமாக வீசியது. வசந்தா போன் போட்டாள். லைன் போகவில்லை. கொட்டுகிற மழையில் கரைக்கு ஓடினாள். மற்றவர்களின் படகுகள் மேட்டில் கட்டினபடி இருந்தன.

விடிந்ததும் ஊர்ப் படகுகள் தேடப் போயின. பிறகு கோஸ்ட் கார்டும் தேடியது.

பக்கத்து வீட்டுச் சூர்யகலா துக்கம் கேட்க வந்தாள். "கெழவி சொன்னது பலிச்சிடுச்சு பாரு வசந்தா. ஊருக்கு வர வேண்டியதை உன் புருஷன் ஒருத்தனே வாங்கிக்கிட்டான்."

"கடல் வரலக்கா. காத்துதான் வந்துச்சு. கெழவி காத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்படிச் சொல்லாதடி. தப்பு," என்று சூர்யகலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீடியோக்காரர்கள் கடல் வருவதற்கு இப்போது டிசம்பரில் ஒரு தேதி குறித்திருக்கிறார்கள். படகு வடக்கே கடப்பாக்கம் பக்கத்தில் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. மோகன் கிடைக்கவில்லை.