நான் இங்கதான் இருக்கேன்

என் குரலைக் கேட்டு முதலில் ஓடியது சிறுத்தை இல்லை, மேனேஜர்தான்.

பண்ணையில் ஆட்டுப்பட்டியின் மூலையில் ஒரு கம்பம் நட்டு, ஒலிபெருக்கியும் விளக்கும் மாட்டியிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஏதாவது நடமாடினால் மெஷினே கண்டுகொண்டு விளக்கை அடித்து, பதிவு செய்த என் குரலில் சத்தம் போடும். சிறுத்தை மிரண்டு போய்விடும். பொறி வேண்டாம், விஷம் வேண்டாம். சத்தத்தைக் குறைக்க எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மெஷின்காரர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் மறுபக்கம் திருகினேன்.

"யாருடா அது!" என்று வானத்திலிருந்து நானே கத்தினேன். செம்மறிகள் மொத்தமாகப் படலைச் சாய்த்துக்கொண்டு முட்டைக்கோஸ் வயலுக்குள் பாய்ந்தன. ஓடப் பார்த்த மேனேஜர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்வரை நானும் மனைவியும் ஆடு பிடித்தோம்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டா முனகுவ. இங்க வந்து என்னா தொண்டை!" என்றாள் அவள்.

அவள் பட்டியைக் கூட்டி, தாயில்லாக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுப்பாள். நான் காவல். பட்டியை ஒட்டிய ஒற்றை அறை, காவல் வேலையோடு வந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு தகரம், ஒரு தடி, பண்ணை கொடுத்த டார்ச். சிறுத்தை வந்தால் தகரத்தைத் தட்டிக் கத்துவேன். கல் எறிந்ததில்லை. எறிந்தாலும் படாது, என் கை லட்சணம் அப்படி.

"அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல," என்பேன்.

"ஆமா, நீ பெத்த புள்ள பாரு!"

மெஷினில் முதலில் நாய்க் குரைப்புதான் இருந்தது. சிறுத்தை அதற்குச் சீக்கிரமே பழகி, விளக்கு வெளிச்சத்திலேயே ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. "அது பயப்படுறது உங்க ஒருத்தர் குரலுக்குத்தாண்ணே," என்றார் மெஷின்காரர். "பதிவு பண்ணிடலாம். ஆனா ஒரே மாதிரி இருந்தா பழகிடும். விதவிதமா குடுங்க."

கேட்க வேண்டுமா? மிரட்டல், பாட்டு, இருமல் எல்லாம் கொடுத்தேன். மனைவியோடு போட்ட சண்டை ஒன்றும் உள்ளே போனது. எனக்குப் பிடித்தது, "நான் இங்கதான் இருக்கேன்!" என்று நெஞ்சை நிமிர்த்திக் கத்தியது.

தொட்டிக்குளியலுக்குப் பிறகு சத்தத்தை மெஷின்காரரே சரிசெய்தார். அதன்பின் ஓர் ஆடுகூடப் போகவில்லை. ஓடைக்கரை ஈரமண்ணில் சிறுத்தையின் காலடித்தடம் பட்டியை நோக்கி வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. மேனேஜரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "பிரமாதம்யா!" என்று முதுகில் தட்டினார். மறுநாள் டார்ச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"எதுக்கு சார்?"

"பார்த்துக்கலாம்."

அந்த வாரமே மனைவி புட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "உன் மேனேஜர் நம்ம ரூமை டேப் வச்சு அளந்துட்டுப் போனாரு."

"வெள்ளையடிக்கவா இருக்கும்."

"எத்தனை தீவன மூட்டை அடுக்கலாம்னு கணக்குப் போட்டாரு. மூட்டைக்கு எதுக்குய்யா வெள்ளை?"

ஆபீசுக்குப் போய் என் பாணியில் கேட்டேன். "சார், சிறுத்தை லீவு போட்டுட்டா எனக்கும் லீவா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ இருக்கியே!" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

"சிரிச்சாரா? சரி, அந்தச் சிரிப்புக்குள்ள போய்க் குடியிருக்க முடியுமா?" என்றாள் மனைவி. "நேரா கேளுய்யா."

பொழுது இறங்கும் நேரத்தில் மேனேஜர் வேலிக்கு வெளியே நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே அவள் குட்டியின் வாயில் புட்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் விளக்கு எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. தலைக்கு மேலே நான் கத்தினேன்: "நான் இங்கதான் இருக்கேன்!" அவர் சொன்னது அதில் அமுங்கிவிட்டது.

"என்ன சார்?"

மெஷினில் என் இருமலும் ஓடி முடிந்து விளக்கு அணையும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீ வேண்டாம்பா. உன் குரல் போதும்."