1995 என்று எழுதிய இரண்டு பேர்

இசக்கிமுத்து என் கணக்கைப் பார்க்கிறான் என்ற சந்தேகம் எனக்கு மூன்று வாரமாகவே இருந்தது. பன்னிரண்டு வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் நான். ஊசி போட்ட ஓட்டைகூட என் கண்ணுக்குத் தப்பாது. ஒருத்தன் கண் எங்கே மேய்கிறது என்று மட்டும் தெரியாமல் போய்விடுமா?

நாங்கள் நான்கு பேர் குரூப் நாலு தேர்வுக்குச் சேர்ந்து படித்தோம். ஞாயிறு காலையில், அவிநாசி ரோட்டில் கீர்த்தனாவின் அப்பா நடத்தும் கம்பெனியில் இடம். கீர்த்தனா என்ஜினியரிங் முடித்தவள். எங்களுக்கு டெஸ்ட் வைப்பது அவள்தான். வேல்விழி பி.எட் படிக்கிற பெண், கம்பெனி வேலைக்கே போகாத குடும்பம். இசக்கிமுத்து நாங்குநேரிப் பையன், வேறொரு கம்பெனியில் கட்டிங்கில் இருந்தான். இருபத்து நாலு வயது. நான் சங்கரன்கோவில்காரி, முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகள்.

போன தேர்வில் மூன்று கேள்வியில் எனக்கு அரசு வேலை கைநழுவிப் போயிற்று. மூன்றுமே கணக்கு. "இந்த ஒரு தடவதான் விஜயராணி. இதுலயும் வரலன்னா விட்டுரணும்" என்று என் வீட்டுக்காரர் மாதவன் சொல்லியிருந்தார். அவரும் ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு என்று இருக்கிறவர், அன்றைக்கும் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எனக்கு மண்டையில் ஏறியதே இசக்கிமுத்துவால்தான். கீர்த்தனா சொன்னால் புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும். அவன் சொன்னால் விளங்கும். வட்டிக் கணக்கு, விகிதம், வேலையும் நாளும் எல்லாம் அவன் சொல்லித்தான் போட்டேன். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

நாங்கள் படிக்கிற விதம் வேறு அதற்குத் தோதாக இருந்தது. துணி வெட்டுகிற நீள மேசையில், வெட்டும் அளவு வரைந்து உபயோகித்து முடித்த மார்க்கர் தாளைத் திருப்பி விரித்துவிடுவோம். அடிப்பக்கம் கை, காலர், முன்துண்டு என்று கோடு கோடாக இருக்கும். மேல்பக்கம் வெள்ளை. அந்த ஒரே தாளில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஒருத்தர் போடுகிற வழி அடுத்தவருக்குத் தெரிய வேண்டும் என்பது இசக்கிமுத்து சொன்ன யோசனை. ஏன் சொன்னான் என்று பிறகுதான் யோசித்தேன். பார்த்து எழுதுகிறவனுக்கு இதைவிட வசதி ஏது?

அந்த ஞாயிறு கீர்த்தனா இருபத்தைந்து கேள்வி கொடுத்தாள். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. விடையைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து வருவோமாம். நேராகப் போட்டு எழுத வேண்டும். ஒன்பதாவது கணக்கில் நான் திணறிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தேன். எதிரே இசக்கிமுத்து கழுத்தை நீட்டி என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் சட்டென்று குனிந்துகொண்டான். இருடா, மாட்டாமலா போவாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டினான். பதினேழாவது கேள்வி. ஒரு தொழிற்சாலையில் செய்யும் பொருள்களில் ஐந்து சதவீதம் பழுதாகிறது; பழுதில்லாமல் 1900 வேண்டுமென்றால் மொத்தம் எத்தனை செய்ய வேண்டும்? நான் எழுதியது 1995. இசக்கிமுத்து எழுதியதும் 1995. வேல்விழி 2000 என்று எழுதியிருந்தாள், அதுதான் சரி.

"நூறு செஞ்சா தொண்ணூத்தஞ்சுதானுங்க நல்லதா வரும். அந்தத் தொண்ணூத்தஞ்சு பங்குதான் ஆயிரத்தித் தொள்ளாயிரம். அப்ப மொத்தம் ரெண்டாயிரம்" என்று கீர்த்தனா விளக்கினாள். எனக்கு எங்கே காதில் விழுந்தது? சரியான விடை இரண்டு பேருக்கு ஒன்றாக வரலாம். தப்பான விடை எப்படி ஒன்றாக வரும்?

"ஏல இசக்கி, பதினேழாவது எப்படிப் போட்ட?" என்றேன்.

"மனசுலயே போட்டேன்க்கா. தப்பாப் போச்சு."

"மனசுலயா, என் தாளுலயா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "என்னக்கா சொல்லுதிய?"

"என் பக்கம் எட்டிப் பாத்தியா இல்லியா? நான் கண்ணால கண்டேம்ல."

அவன் தன் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட ஒருவேளை நான் அடங்கியிருப்பேன்.

"அக்கா, ஏனுங்க இப்படிப் பேசறீங்க?" என்று கீர்த்தனா குறுக்கே வந்தாள். "அவரு இருபத்து நாலு சரிங்க. நீங்க பதினாலு. அவரு எதுக்குங்க உங்களப் பாத்து எழுதோணும்?"

அது சுருக்கென்று குத்தியது. பதினாலு என்று அவள் சொன்ன விதம் இருக்கிறதே, இன்னும் காதில் இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தெரியாத ஒண்ண என்கிட்ட எடுத்துக்கிட்டான். மத்த இருபத்து நாலு எங்க இருந்து எடுத்தானோ, யாருக்குத் தெரியும்?" என்று கத்தினேன். மேசையில் கிடந்த கத்தரியை எடுத்து மார்க்கர் தாளைக் குறுக்கே வெட்டினேன். அவன் பக்கம் தனி, என் பக்கம் தனி. இசக்கிமுத்து பேனாவை மூடிப் பையில் வைத்தான். "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். வேல்விழி அழுதேவிட்டாள்.

திங்கட்கிழமை வேலையிலும் எனக்கு அதே நினைப்பு. நான் செய்தது சரிதான் என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும்போல் இருந்தது. டீ நேரத்தில் கட்டிங் பக்கம் போனேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் லிங்கசாமி துணியை விரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஆயிரத்தித் தொள்ளாயிரம் நல்ல பீஸ் வேணும். அஞ்சு பர்சன்ட் டேமேஜ் ஆகும். எத்தன வெட்டுவீங்க?"

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தஞ்சு."

பக்கத்து மேசையில் இருந்த ஆத்தப்பனைக் கேட்டேன். அவனும் அதையே சொன்னான். துணியை அடுக்கடுக்காக விரித்து லேயர் போடுகிற வடநாட்டுப் பையனை அரைகுறை இந்தியில் கேட்டேன். அவன் விரலால் மேசைத் தூசியில் 1995 என்று எழுதிக் காட்டினான்.

"ஆர்டருக்கு மேல அஞ்சு பர்சன்ட் சேத்து வெட்டோணும். அத்தன கம்பெனியிலயும் அதானே கண்ணு வழக்கம்" என்று லிங்கசாமி சிரித்தார். "நித்தம் கட்டிங் ஸ்லிப்பு பாக்கற, இதுகூடத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததால்தான் நானே அப்படி எழுதினேன். அவன் விடிந்தால் எழுந்து அதே கணக்கில் துணி வெட்டுகிறவன். வேறென்ன எழுதுவான்? அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். எனக்கு விளங்கிய ஒவ்வொரு கணக்கும் அவன் குரலில்தான் மண்டைக்குள் ஓடியது.

அன்றைக்கே ஓவர்டைம் பார்க்காமல் ஒரு ஷிப்டோடு கிளம்பி, இசக்கிமுத்து தங்கியிருந்த அனுப்பர்பாளையம் போனேன். லைன் வீட்டில் கடைசி அறை. அவன் வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையை லுங்கியில் துடைத்தான்.

"இசக்கி, நான் தப்புப் பண்ணிட்டேன்யா. அந்தக் கணக்கு நம்ம கம்பெனி வழக்கத்துல வந்துருக்கு. ரெண்டு பேருக்குமே. என்னைய மன்னிச்சிரு" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஐய, அழாதியக்கா. உக்காருங்க." முக்காலியை இழுத்துப் போட்டான். ஈரத் துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு, "நான் பாத்தது நெசந்தான்" என்றான்.

நான் நிமிர்ந்தேன்.

"ஒம்பதாவதுல நீங்க கழிச்சது தப்பு. அங்கயே சொல்லிருவமான்னு வாய் வந்துட்டு. டெஸ்ட்டாச்சேன்னு அடக்கிக்கிட்டேன். அதான் நீங்க கேக்கும்போது இல்லன்னு சொல்ல முடியல."

எனக்கு நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம வந்துருய்யா" என்றேன்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்கிடலக்கா. சத்தியமா. ஆனா நீங்க எதிர உக்காந்தா இனி எனக்குக் கை ஓடாது." தயங்கித் தயங்கித்தான் சொன்னான், என்னை நோகடித்துவிடக் கூடாதென்று. "நேத்து வந்து தனியா உக்காந்து போட்டுப் பாத்தேன். எங்க பாக்கோம், யாரு பாக்கான்னே நெனப்பு ஓடுது. சின்னக் கணக்குகூட வரமாட்டேங்கு. நீங்க படிங்க. நான் எப்படியாவது பாத்துக்கிடுதேன்."

அவனுக்கும் அதே தேர்வு, அதே ஏழு வாரம். அவன் அறையில் மேசை கிடையாது. மூன்று பேர் தங்குகிற அறை, அடுப்பும் அதற்குள்ளேயேதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வேறு வழியே தோன்றவில்லை.

சனிக்கிழமை கீர்த்தனாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பார்த்து எழுதவில்லை, நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசினேன், அவனைக் கூப்பிட்டுக்கொள் என்றேன். நான் இனி வரமாட்டேன் என்பதையும் அவனிடம் சொல்லச் சொன்னேன். "அக்கா, உங்களுக்குக் கணக்கு யாருங்க சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிறு பத்து மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. இசக்கிமுத்து வந்துவிட்டானாம், புதுத் தாள் விரித்திருக்கிறார்களாம்.

மாதவன் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "ஏட்டி, நீ கெளம்பலியா?"

"வீட்லயே படிச்சிக்கிடுதேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார்.

குழாயும் தொட்டியும் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு குழாய் தண்ணீரை நிரப்புகிறது, ஒரு குழாய் வெளியேற்றுகிறது. முதல் கணக்கை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை வாய்விட்டுப் படித்தேன். பன்னிரண்டரைக்கு அவர்கள் திரும்பி வந்தபோதும் அதே பக்கத்தில்தான் இருந்தேன்.

"வெளங்குதா?" என்று மாதவன் கேட்டார்.

"இல்ல" என்றேன்.