வாசலில் மாட்டிய கண்ணாடி

தொழிற்சாலை வாசலில் ஒரு பெட்டியைப் பூட்டி மாட்டியிருந்தார்கள். அதற்குள் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. இடது பக்கம் விரிசல். மேலே, அங்கே வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவருடைய மச்சினன் சிரிக்கும் படம். அவனுக்கும் அங்கேதான் வேலை. கீழே, 'ஒரு கண்ணைக் காத்தது இது' என்ற வாசகம்.

கண்ணாடி ஃபிட்டருடையது. சாணைச் சக்கரத்திலிருந்து சில்லு தெறித்த அன்று, ஆணியில் தொங்கியதை மச்சினன் அவசரத்துக்கு எடுத்து மாட்டியிருந்தான். ஃபிட்டர் ஒருநாளும் கண்ணாடி இல்லாமல் சாணை பிடித்ததில்லை. அவர்மேல் எதுவும் வந்து பட்டதில்லை. அதனால் படமும் இல்லை.

வீட்டிலும் அதே பேச்சு.

"என் தம்பி பொறுப்பானவன்னு மேனேஜரே சொன்னாராம்," என்றாள் மனைவி.

"கண்ணாடி யாரோடது?"

"போட்டுக்கிட்டது யாரு? நீங்க ஆணிக்குத்தானே போட்டு வெச்சிருந்தீங்க."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் வெளியே போனார்கள். ஃபிட்டர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாணையில் இரும்பைத் தாங்கும் தட்டைத் தளர்த்திப் பின்னுக்கு இழுத்தார். சக்கரத்துக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் இரும்பு உள்ளே சிக்கித் தெறிக்கும். அது தெரிந்தேதான் செய்தார். சின்னச் சில்லு போதும். கண்ணாடியில் ஒரு விரிசல், வாசலில் இன்னொரு பெட்டி. சக்கரத்தை ஓடவிட்டார்.

"தள்ளுங்க மாமா. இந்த உளியை ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிடறேன்."

மச்சினன் வெறுங்கண்ணோடு நின்றான்.

"கண்ணாடி எங்கடா?"

"வாசல்ல மாட்டியிருக்கே. புதுசு கேட்டா, உனக்குத்தான் ஒண்ணு குடுத்தாச்சேன்னு ஸ்டோர்ல சொல்றான்."

சிரித்துக்கொண்டே உளியை நீட்டினான். ஃபிட்டர் சுவிட்சை அணைத்தார். சக்கரம் உடனே நிற்கவில்லை. மச்சினனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டுக் குறுக்கே நின்றார்.

"என்ன மாமா? எனக்குப் பேர் வந்துடுச்சுன்னு வயித்தெரிச்சலா?"

"ஆமாண்டா."

மச்சினனின் சிரிப்பு பாதியில் நின்றது. சக்கரம் ஓய்ந்தது. பிறகு ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்தார். தட்டை முன்னுக்குத் தள்ளி, இறுக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தட்டை யார் தளர்த்தினார்கள் என்று மச்சினன் கேட்கவில்லை. இறுக்கியதைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

ஃபிட்டர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"இந்தா. கீறல் விழாம திருப்பிக் குடு. இதுக்கும் உன் படத்தையே மாட்டிடுவானுங்க."