வெயிலுக்குள் ஒரு விசில்

அண்ணனின் வலது கண் பார்வையில் நான்கு நாட்களாக ஒரு கரும்புள்ளி. டம்ளரை விட்டுத் தள்ளித் தண்ணீர் ஊற்றுகிறான் என்று அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, உள்ளே சுட்டிருக்கிறது, வெயிலை வெறித்துப் பார்த்தீர்களா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

நான் நம்பவில்லை. அவன் வேலை பார்ப்பது லேசரால் இரும்புத் தகடு வெட்டும் மெஷினில். நானும் அதே தொழிற்சாலைதான், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறை. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுடும். மூடிய பெட்டிக்குள் ஓடுகிற மெஷின் என்பதால் யாரும் பாதுகாப்புக் கண்ணாடி போடுவதில்லை. எங்கோ கசிகிறது. எங்கே என்று தெரியாமல் அண்ணனை மறுபடி அங்கே நிற்க விட்டால் அடுத்த கண்ணும் போகும். அவனுக்கு இரண்டு மணி ஷிஃப்ட். நான் கூடத்துக்குள் நுழைந்தபோது பதினொன்றரை.

கூடத்தின் கூரை பாதிக்கு மேல் கண்ணாடி. உச்சி வெயில் மெஷின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. சாதாரண ஒளிமானியை நீட்டினால் வெயிலைத்தான் அளக்கும். அதற்காகவே ஒரு பெட்டி கட்டியிருந்தேன். சந்தைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் அப்படித்தான், ஆயிரம் நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. லேசரோ ஒரே நடை. வரும் வெளிச்சத்தை என் பெட்டி இரண்டாகப் பிரிக்கும். ஒரு பாதியைத் தலைமுடி கனம் அளவு கூடுதலாக நடக்கவைத்து, மறுபடி சேர்க்கும். லேசரின் இரு பாதிகளும் கால் ஒத்துவந்தால் பளிச்சென்று இருக்கும், மாறிவந்தால் இருட்டு. உள்ளே ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே இருந்தால் பளிச், இருட்டு, பளிச், இருட்டு. அதைக் காதுக்கருவியில் விட்டால் விசில் மாதிரிக் கேட்கும். வெயிலில் சில நிறங்கள் ஒத்துவரும்போது சில மாறிவரும். கூட்டிப் பார்த்தால் எப்போதும் ஒரே அளவு. சத்தமே வராது.

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அவசரம்’.

“ஏம்மா, எவ்ளோ நேரம்? சாயங்காலம் லாரி வந்து நிக்கும்.”

“மெஷினை ஓட்டுங்க சார், பத்து நிமிஷம்தான்.”

காதில் மாட்டினேன். விசில்! கதவுப் பக்கம் காட்டினேன், விசில். சுவரில் விசில். கூரையில் இன்னும் பலமாக. அவசரத்தின் வழுக்கையில்கூடப் பிரமாதமாகக் கேட்டது.

அவரும் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். “என் தலையிலயும் லேசர் வருதா? சொல்லவே இல்லையே!”

அப்போதுதான் அண்ணன் வந்து நின்றான். ஷிஃப்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

“ஏய் வாலு, விடு. மானத்த வாங்காத. டாக்டரே வெயில்னு சொல்லிட்டாரு.”

“டாக்டர் கேட்டாரு. நீதான் சொன்ன.”

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். அப்போதும் விசில்! என் பெட்டியின் மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். முன்னால் செருகியிருந்த வடிகண்ணாடியைப் பார்த்ததும் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். வெயிலைக் குறைக்கலாம் என்று, லேசரின் நிறத்தை ஒட்டிய கொஞ்சம் நிறங்களை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியை முந்தின நாள்தான் போட்டிருந்தேன். அதாவது, சந்தைக் கூட்டத்தில் ஏறக்குறைய ஒரே நடை உள்ளவர்களாகப் பொறுக்கி உள்ளே அனுப்பியிருக்கிறேன். முடி கனத்துக்குள் அவர்கள் கால் பிசகுமா? வெயிலையே லேசர் மாதிரி நடக்கப் பழக்கிவிட்டேன்.

அதைக் கழற்றி, எல்லா நிறத்தையும் ஒரேயடியாக மங்கவைக்கும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டேன். வெயில் அடங்கியது. மறுபடி மெஷின் ஓடியது. நாலு பக்கமும் சுற்றி வந்தேன். எங்கேயும் சத்தமில்லை.

“அப்போ கசிவு இல்ல,” என்றார் அவசரம். “வெயில்தான். போய்ச் சாப்பிடும்மா.”

அண்ணன் தோளில் தட்டினான். “நான்தான் சொன்னேன்ல?” குரலில் கேலியைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிடப் போகவில்லை. பதினைந்து அடி தள்ளித் தகடுகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வயர்களைச் சுருட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி சுருட்டினேன். பெட்டியை அணைக்க மனம் வரவில்லை. அதன் குழாய் மெஷினின் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு அடித்தது. அண்ணன் மெஷினை ஓடவிட்டான். காதில் ஒன்றும் இல்லை.

இரண்டு பத்துக்கு விசில்.

எட்டிப் பார்த்தேன். கதவில் அவன் முக உயரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை. அதன் மூடி அவன் கையில் இருந்தது. குனிந்து, இடது கண்ணை அதன் பக்கம் கொண்டுபோகிறான்.

ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். மெஷின் நின்றது.

“ஏன்டி நிறுத்தின?”

“எத்தனை நாளா, அண்ணா?”

மூடியை ஓட்டையில் திருகிப் பொருத்தினான். “உள்ள கேமராவுல புகை படிஞ்சு ஒண்ணும் தெரியல. ரெண்டு தகடு பாழாப் போச்சு. மூணாவதும் போனா மெஷின்லேர்ந்தே எடுத்துடுவாங்க. ஒரு நொடிதான் பார்ப்பேன். போகும்போது மூடிட்டுத்தான் போவேன்.”

“வலது கண்ணாலயும் ஒரு நொடிதான பார்த்த?”

“ரிப்போர்ட்ல எழுதிடாத வாலு. கெஞ்சிக் கேக்குறேன். பழக்கமாயிடுச்சு, இனிமே தொட மாட்டேன்.”

பழக்கம் என்றானே, அதுதான் என்னை உலுக்கியது. காதுக்கருவியை அவன் காதில் மாட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மாட்டி என்ன? அவனுக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே.

அவசரம் ஓடி வந்தார். “யாரு நிறுத்தினது?”

“நான்தான் சார். கசிவு இருக்கு. அந்த மூடியைக் கழட்டினது எங்க அண்ணன். கேமராவைத் துடைக்க ஆள் வைக்காதது நீங்க. ரெண்டையும் எழுதுறேன். இன்னிக்கு இவனை இங்க நிக்க விடாதீங்க, இப்பவே மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கையுறைகளைக் கழற்றினான். வாசல்வரை எனக்கு முன்னால் நடந்தான். தெரு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

“டாக்டர்கிட்ட நான் சொல்லிடுறேன்,” என்றான். “உங்க அண்ணிகிட்ட நீ சொல்லு.”

“முடியாது. ரெண்டு பேர்கிட்டயும் நீயே சொல்லு.”